சமூகப் பணிக்கான மென்பொருள் விருதுகள்: செட்டிநாட்டு டிரஸ்டுகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், புதுவயல் வட்டாரத்தில் டிரஸ்ட், சங்கம், மகளிர் குழு நடத்துபவர்களுக்காக எழுதியது. மென்பொருளைக் கெட்டிக்காரத்தனமாகப் பயன்படுத்திய சேவை அமைப்புகளுக்குத் தரும் விருதுகளுக்கு விண்ணப்பிக்கும்போது எழும் சந்தேகங்களும், விண்ணப்பம் எங்கே சறுக்குகிறது என்பதும் இதில் இருக்கின்றன.

விருது மென்பொருளை எழுதியவருக்கா, பயன்படுத்தியவருக்கா?

இருவருக்கும் உண்டு. நம் ஆட்கள் முதலில் குழம்பும் இடம் இதுதான். தமிழக அரசின் முதலமைச்சர் கணினித் தமிழ் விருது தமிழ் மென்பொருளை உருவாக்கியவருக்கு. வேறொருவர் செய்த கருவியை நீங்கள் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அது உங்களுக்கானதல்ல. யுனெஸ்கோ, கல்வியில் தகவல் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதற்காக பஹ்ரைன் மன்னர் ஹமத் பெயரில் 2005-இல் ஒரு பரிசை ஏற்படுத்தியது. வெற்றி பெறும் இருவருக்குத் தலா 25,000 டாலர். அங்கே பயன்பாட்டைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. நாட்டின் அரசோ, யுனெஸ்கோவோடு அதிகாரப்பூர்வத் தொடர்புள்ள தொண்டு நிறுவனமோ பரிந்துரைக்க வேண்டும்.

ஐ.நா.வின் தகவல் தொடர்பு அமைப்பான ஐடியு 2012 முதல் நடத்தும் டபிள்யூஎஸ்ஐஎஸ் (தகவல் சமூகத்துக்கான உலக உச்சிமாநாடு) பரிசுகளுக்கு நீங்களே இணையத்தில் பதியலாம். கல்வி, சுகாதாரம், வேளாண்மை, பண்பாடு என்று பல பிரிவுகள் உண்டு. நடுவில் பொதுமக்கள் வாக்களிக்கும் கட்டமும் வரும். 2003-இல் தொடங்கிய வேர்ல்ட் சம்மிட் அவார்டுக்கு அந்தந்த நாட்டு வல்லுநர் வழியாகப் போக வேண்டும். கட்டற்ற மென்பொருள் (யாரும் பார்க்க, மாற்ற, பகிரக்கூடிய மென்பொருள்) அறக்கட்டளை 2005 முதல் ‘சமூகப் பயன் திட்டங்களுக்கான விருது’ தருகிறது. இதற்கு யாரும் யாரையும் பரிந்துரைக்கலாம்.

அந்த விருதை 2006-க்குப் பெற்ற சஹானாவை நம் பக்கத்து ஆட்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் மென்பொருள்காரர்கள் எழுதியது அது. காணாமல் போனவர் பட்டியல், எந்த முகாமில் எத்தனை பேர், எந்த நிவாரணப் பொருள் எங்கே நிற்கிறது, எந்த அமைப்பு எங்கே வேலை செய்கிறது, இவ்வளவுதான் அதன் வேலை. ஒரே ஊருக்கு நான்கு லாரி அரிசியும் பக்கத்து ஊருக்கு ஒன்றுமில்லாமலும் போகக் கூடாது என்ற கவலையிலிருந்து வந்த மென்பொருள். 2020-இல் அதே விருதைப் பெற்ற சிவிசிஆர்எம், தொண்டு நிறுவனங்கள் நன்கொடையாளர், உறுப்பினர் பட்டியலைப் பராமரிக்கும் கருவி. பளபளப்பு இரண்டிலும் இல்லை.

எங்களிடம் ஆப் கிடையாது. எக்செல்லும் வாட்ஸ்அப்பும்தான். போடலாமா?

தாராளமாக. ‘புதுமையான பயன்பாடு’ என்று விருதுக்காரர்கள் எழுதுவதை ‘புது ஆப்’ என்று படிப்பதால்தான் பல நல்ல வேலைகள் விண்ணப்பமே ஆகாமல் நிற்கின்றன.

பனையோலைக் கொட்டான் முடையும் ஒரு மகளிர் குழுவை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் ஒரு கல்யாணத்துக்குத் தாம்பூலம் போட்டுக்கொடுக்க 200 கொட்டான் கேட்கிறார்கள், ஒரே அளவு, ஒரே சிவப்பு. முடைபவர்கள் 15 வீடுகளில் இருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் சாயம் வேறு பதத்தில் ஏறும். சாயம் போட்டவுடன் ஓலைத் துண்டை ஒரு மாதிரி அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, குழுவின் கூகுள் படிவத்தில் முடைபவர் குறியீட்டோடு ஏற்றினால், மாறுபட்ட சாயம் முடைவதற்கு முன்பே தெரிந்துவிடும். மாதிரி அட்டை அதே படத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் சூட்சுமம். செல்போன் கேமரா வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தை மாற்றிவிடும், அட்டையும் ஓலையும் ஒரே படத்தில் இருந்தால் ஒப்பிட முடியும். செலவு ஒரு அட்டை. தள்ளுபடியான கொட்டான் முன்பு எத்தனை, இப்போது எத்தனை என்று எழுத முடிந்தால் அது விருதுக்குப் போகும் வேலை.

விண்ணப்பம் எதில் தோற்கிறது?

பெரும்பாலும் ஆரம்ப இருப்பு இல்லாததில்.

பேரேடும் ஐந்தொகையும் எழுதிய ஊர் இது. ஆரம்ப இருப்பு எழுதாமல் எந்தக் கணக்கப்பிள்ளையும் வரவு வைக்க மாட்டார். ஆனால் விருது விண்ணப்பத்தில் மட்டும் ‘மாணவர்களின் வாசிப்புத் திறன் வெகுவாக உயர்ந்தது’ என்று எழுதிவிடுகிறோம். எதிலிருந்து எதற்கு? நடுவர் அந்த வரியைப் படித்ததும் அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார். மென்பொருளைத் தொடுவதற்கு முன்னால் நிலைமை என்ன என்று எண்ணி, தேதி போட்டு, மாற்ற முடியாத ஒரு பிடிஎஃப் ஆக வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் பிறகு சரிசெய்யக்கூடியவை. தொடக்கக் கணக்கைப் பின்னால் போய் எடுக்க முடியாது.

திட்டம் ஏற்கெனவே பாதி நடந்துவிட்டது என்றால் இரண்டு வழி உண்டு. பழைய பதிவேடுகளிலிருந்து (வருகைப் பதிவு, ரசீதுக் கட்டு, மருந்து வாங்கிய பில்) தொடக்க நிலையைத் தோண்டியெடுப்பது ஒன்று. இன்னும் தொடங்காத ஒரு ஊரை எடுத்து, இன்றைக்கு அங்கே எண்ணி, அதை ஒப்பீடாக வைப்பது இன்னொன்று. எந்த வழியில் எடுத்தீர்கள் என்பதை விண்ணப்பத்தில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

தொடக்கக் கணக்கு எடுப்பதை ஒரு உதாரணத்தோடு காட்ட முடியுமா?

ஊருணியை எடுத்துக்கொள்வோம். செட்டிநாட்டு ஊர்களின் அமைப்பே மழைநீரை நம்பியது. வீட்டுக் கூரையிலிருந்து வளவில் (வீட்டின் நடு முற்றத்தில்) விழும் நீரும் தெருவில் விழும் நீரும் வாட்டம் பார்த்துக் கால்வாயில் ஓடி ஊருணியில் சேரும். வரத்துக்கால்வாயில் ஒரே இடத்தில் மண் மேடிட்டாலோ, யாராவது சிமென்ட் சரிவு போட்டாலோ ஐப்பசி மழை முழுதும் ரோட்டில் ஓடிவிடும். எந்த ஊருணிக்கு எந்தக் கால்வாய் அடைப்பு என்று கண்டுபிடிப்பதுதான் ஒரு டிரஸ்டின் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அளவுகோல். படித்துறையின் பக்கச் சுவரில், ஊருணி வற்றியிருக்கும் சித்திரை, வைகாசியில், அடித்தரையைச் சுழியமாக வைத்து 10 செ.மீ.க்கு ஒரு கோடு எனாமல் பெயின்டில் போட வேண்டும். படியையே அளவாக வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும், வேண்டாம். பழைய செம்பறாங்கல் படிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ‘மூணு படி தண்ணி’ என்று ஒருவர் சொல்வதும் இன்னொருவர் சொல்வதும் அரை அடி வித்தியாசப்படும். கோட்டுக்குப் பக்கத்தில் எண்ணைப் பெரிதாக எழுதுங்கள், எதிர்க்கரையிலிருந்து படமெடுத்தால் தெரிய வேண்டும்.

அடுத்தது படிவம். ஓடிகே என்ற கருவி 2008-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, கட்டற்றது. அதன் செல்போன் செயலி சிக்னல் இல்லாத இடத்திலும் பதிவு செய்து, நெட் வந்ததும் அனுப்பும். படிவத்தை ஒரு விரிதாளில்தான் எழுத வேண்டும்: கேள்விகளுக்கு ஒரு தாள், விடைத் தேர்வுகளுக்கு ஒரு தாள். கேள்வியைத் தமிழில் எழுதுங்கள், நெடுவரிசையின் உள்பெயரை மட்டும் ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் வையுங்கள். ஏழு கேள்விக்கு மேல் போக வேண்டாம்: ஊருணி (பட்டியலிலிருந்து தேர்வு, தட்டச்சு கூடாது), நீர்மட்டம் செ.மீ.யில், படம், கால்வாயில் நீர் வந்ததா, அடைப்பு இருந்தால் இடக்குறி, அடைப்பின் படம், குறிப்பு.

இங்கே மூன்று தப்பு நடக்கும். நீர்மட்டத்துக்கு மேல்வரம்பு வைக்காவிட்டால் 120 என்பதை 1200 என்று போட்டுவிடுவார்கள், படிவத்திலேயே அந்த ஊருணியின் முழு ஆழத்தை வரம்பாகக் கொடுத்துவிட வேண்டும். படத்தின் அளவை 1024 பிக்சலுக்குக் குறைக்கச் சொல்லவில்லை என்றால் ஒவ்வொரு படமும் மூன்று நான்கு எம்பி, வாரக் கடைசியில் பதிவுகள் மேலேறாமல் தொங்கும். மூன்றாவது ஜிபிஎஸ். நெடுஞ்சுவர் வீடுகளுக்கு நடுவில் உள்ள சந்தில் நின்று இடக்குறி எடுத்தால் புள்ளி அடுத்த தெருவில் விழும். வானம் தெரியும் இடத்துக்கு வந்து, துல்லியம் 5 மீட்டருக்குக் கீழே இறங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

ஆவணி தொடங்கித் தை முடிய, வாரம் ஒரு நாள், அதே கிழமையில் எடுங்கள். முதல் ஆண்டு எதையும் தூர் வாராமல் வெறுமனே அளக்க மட்டும் செய்வது பொறுமையைச் சோதிக்கும்தான். ஊர்ப் பெரியவர்கள் ‘அளந்துக்கிட்டே இருந்தா தண்ணி வந்துருமா’ என்பார்கள். ஆனால் இரண்டாம் ஆண்டு, அடைப்பு நீக்கிய ஊருணியையும் நீக்காத ஊருணியையும் அதே மழைக்கு ஒப்பிட அந்த அளவுதான் ஆதாரம். ஒரு ஆண்டு மழை கூடிவிட்டால் ‘மட்டம் உயர்ந்தது எங்களால்தான்’ என்று சொல்ல முடியாது, நடுவர்களுக்கும் அது தெரியும். அதனால் இரண்டு வகை ஊருணியும் பட்டியலில் இருக்கட்டும்.

பயன்பெற்றவர் எண்ணிக்கையை எப்படிச் சொல்வது?

அலகைச் சொல்லிவிட்டு எண்ணைச் சொல்லுங்கள். நகரத்தார் கணக்கில் ‘புள்ளி’ என்றால் ஒரு தலை அல்ல, கல்யாணமான குடும்பம் ஒரு புள்ளி. வரி போட்டாலும் பங்கு பிரித்தாலும் எல்லோருக்கும் ஒரே பொருள். விண்ணப்பத்திலும் அந்தக் கண்டிப்பு வேண்டும். ஆளா, குடும்பமா, வருகையா? கண் முகாமுக்கு ஒரே ஆச்சி நான்கு முறை வந்தால் அது நான்கு வருகை, ஒரு பயனாளி. 400 வருகையை 400 பயனாளி என்று எழுதி, பிறகு நடுவர் போனில் கேட்கும்போது தடுமாறுவது வாடிக்கையாக நடக்கிறது. ‘மறைமுகப் பயனாளிகள்’ என்று குடும்பத்தினரை ஐந்தால் பெருக்கிச் சேர்ப்பதையும் விட்டுவிடுங்கள்.

பட்டியலில் ஒரே ஆள் இரண்டு மூன்று தடவை வருகிறார். எப்படிச் சுத்தம் செய்வது?

பெயரை வைத்து ஆளைப் பிடிக்க முயலாதீர்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் ஊரில் ஒரே தெருவில் நான்கு சிதம்பரமும் ஆறு மீனாளும் இருப்பார்கள். இனிஷியலை முன்னால் போடுபவர், பின்னால் போடுபவர், வீட்டு விலாசமாகக் குடும்ப முன்னெழுத்து நான்கைச் சேர்ப்பவர் என்று வகை வகையாக இருக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு உறுப்பினர் எண் கொடுத்து அட்டையில் எழுதிக் கொடுப்பதுதான் வழி. ஆதார் எண்ணை அடையாளமாகச் சேகரிக்கும் பழக்கத்தை விடுங்கள். உங்களுக்கு அது தேவையில்லை, கசிந்தால் பொறுப்பு உங்கள் தலையில்.

பெயர் சரியாக இருந்தும் கணினி வேறு வேறு என்று சொல்லும் சிக்கல் தனி. தமிழ் யூனிகோடில் (எழுத்துகளைக் கணினிக்குள் எண்ணாகப் பதியும் பொது முறையில்) கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது உள்ளே இரண்டாக இருக்கும். ‘கொ’ என்பதன் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாகவும் பதியலாம், தனித்தனி இரண்டு குறியாகவும் பதியலாம். இதை என்எஃப்சி என்ற சீர்மைப்படுத்தல் சரிசெய்துவிடும். ஆனால் ‘ஔவை’க்கு ஔ அடிக்காமல் ஒ, ள என்று இரண்டு எழுத்து அடித்திருந்தால் சீர்மைப்படுத்தலுக்கு அது பிடிபடாது, தேடி மாற்ற வேண்டும். ‘ஸ்ரீ’யும் அப்படித்தான்: ஒரு விசைப்பலகை ஸகரத்தில் தொடங்கும், இன்னொன்று ஶகரத்தில் தொடங்கும். ஸ்ரீதர், ஸ்ரீவித்யா எல்லாம் இரட்டிப்பாக நிற்பதற்கு இதுதான் காரணம்.

எக்செல்லின் பங்கும் உண்டு. படிவத்திலிருந்து இறக்கிய சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) இரட்டைச் சொடுக்கில் திறந்தால் தமிழெல்லாம் கிறுக்கலாகத் தெரியலாம். கோப்பு கெடவில்லை. ‘டேட்டா’ பட்டியில் போய், உரை/சிஎஸ்வியிலிருந்து இறக்குமதி என்பதைத் தேர்ந்து, ‘கோப்பின் மூலம்’ (File Origin) என்ற கட்டத்தில் 65001 யுடிஎஃப்-8 என்று கொடுத்துத் திறக்கவும். கிறுக்கலாக இருக்கும்போது சேமித்துவிட்டால்தான் உண்மையிலேயே கெடும். 91 சேர்த்த 12 இலக்கக் கைபேசி எண் 9.19ஈ+11 என்று சுருங்கும், 15 இலக்கத்துக்கு மேற்பட்ட வங்கிக் கணக்கு எண்ணின் வால் சுழியமாகிவிடும். அந்த நெடுவரிசைகளை முன்கூட்டியே ‘உரை’ என்று வையுங்கள். தேதியை 2025-08-05 என்ற அமைப்பில் எழுதுங்கள், இல்லாவிட்டால் ஆகஸ்ட் 5 மே 8 ஆகும்.

பத்து வருஷப் பழைய கோப்புகள் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. அவற்றைக் காட்டலாமா?

மாற்றிவிட்டுக் காட்டுங்கள். பாமினியில் உள்ளது ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி. எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் குழப்பமாகத் தெரியும், தேடவும் வரிசைப்படுத்தவும் முடியாது. தமிழக அரசு 2010-இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றும்போது, ஒரே கட்டத்தில் தமிழும் ஆங்கிலமும் கலந்திருந்தால் உண்மையான ஆங்கிலச் சொற்களும் தமிழாகிச் சிதையும். எழுத்துரு பார்த்து அந்தக் கட்டங்களைப் பிரித்த பிறகு மாற்றுங்கள்.

எஸ்எம்எஸ் செலவு எதிர்பார்த்ததைப் போல் இரண்டு மூன்று மடங்கு வருகிறதே?

ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 குறி. தமிழுக்கு 70தான், நீண்டு போனால் துண்டுக்கு 67. அதிலும் ஒற்று, கொம்பு, கால் எல்லாம் தனிக்குறியாக எண்ணப்படும். ‘காரைக்குடி’ கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணக்கில் 10. ஆகவே ஒரு செய்தியில் 40 தமிழ் எழுத்து என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். மொத்தமாக அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் அமைப்பையும் தலைப்பையும் (அனுப்புநர் பெயர்) வார்ப்புருவையும் (செய்தியின் மாதிரி வாசகம்) முன்பதிவு செய்ய வேண்டும். பதிந்த வார்ப்புருவில் ஒரு முற்றுப்புள்ளி மாறினாலும் செய்தி போகாமல் நிற்கலாம். முதியவர்களுக்கு எஸ்எம்எஸ்ஸைவிடப் பதிவுசெய்த குரல் அழைப்பு நன்றாகப் போய்ச் சேரும்.

கல்லூரி மாணவர்கள் இறுதியாண்டு ப்ராஜெக்டாக ஆப் செய்து தருகிறோம் என்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா?

காரைக்குடியில் மாணவர்களுக்குப் பஞ்சமில்லை, ஆர்வமும் உண்டு. ஆனால் வைவா (வாய்மொழித் தேர்வு) முடிந்த மறுநாள் அந்த ஆப்புக்கு அப்பா அம்மா இல்லை. வாங்குவதானால் நான்கு பொருளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: மூலநிரல் (ஆப்பை எழுதிய கட்டளைகள்) உங்கள் கணக்கில் உள்ள இணையக் களஞ்சியத்தில், எந்த உரிமத்தில் தருகிறார்கள் என்ற ஒரு வரி, தரவை மொத்தமாக இறக்கும் பொத்தான், நிறுவும் முறை பற்றி இரண்டு பக்கம். வலைத்தளப் பெயரை டிரஸ்டின் மின்னஞ்சலில் பதியுங்கள், தன்னார்வலரின் சொந்த மின்னஞ்சலில் வேண்டாம். அவர் சென்னைக்கு வேலைக்குப் போன பிறகு புதுப்பிக்க ஆளில்லாமல் பெயர் போய்விடும், நடுவர் சுட்டியைத் திறக்கும்போது ஏதோ சூதாட்ட விளம்பரம் வரும்.

உரிமம் ஏன் முக்கியம்? கட்டற்ற மென்பொருள் விருதுகளில் ‘இலவசமாகத் தருகிறோம்’ என்பது போதாது. பிறர் பார்க்க, மாற்ற, பகிர அனுமதி இருக்க வேண்டும். அலுவலகத்தில் திருட்டுப் பதிப்பு போட்டு வைத்திருந்தால் அதை முதலில் நீக்குங்கள். லிப்ரேஆபீஸ் தமிழை நன்றாகவே கையாள்கிறது.

‘சர்வதேச விருதுக்குத் தேர்வாகிவிட்டீர்கள், 18,000 ரூபாய் கட்டுங்கள்’ என்று மெயில் வந்திருக்கிறது.

விண்ணப்பிக்காத விருது வந்தால் அது விற்பனை. நீங்கள் காசு கொடுத்து வாங்கும் கேடயம் அது. உண்மையான சில போட்டிகளிலும் சிறு நுழைவுக் கட்டணம் உண்டுதான். அங்கே நடுவர் பெயர்கள், மதிப்பெண் அளவுகோல், முந்தைய ஆண்டுகளில் வென்றவர் பட்டியல் மூன்றும் வெளிப்படையாக இருக்கும். வென்றவர்களில் இரண்டு பேரைப் போனில் கூப்பிட்டுக் கேளுங்கள். பத்து நிமிஷ வேலை.

வெளிநாட்டு விருதில் பரிசுப் பணம் வந்தால்?

விண்ணப்பிப்பதற்கு முன்பே இதை யோசியுங்கள். ‘பரிசு’ என்று பெயர் வைத்தாலும் வெளிநாட்டு மூலத்திலிருந்து டிரஸ்டுக்கு வரும் பணத்தை 2010-ஆம் ஆண்டின் எஃப்சிஆர்ஏ சட்டத்தை (வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம்) முன்வைத்துத்தான் ஆடிட்டர் பார்ப்பார். அந்தப் பதிவு உள்ள அமைப்புகள்கூட, 2020 திருத்தத்துக்குப் பின், பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் முதலில் வாங்க முடியும். பதிவுக்கு மூன்றாண்டு செயல்பாடும், அந்த மூன்றாண்டில் நோக்கத்துக்காக 15 லட்சம் ரூபாய் செலவிட்ட கணக்கும் கேட்பார்கள். அது இல்லாத சிறு டிரஸ்ட், குறிப்பிட்ட தொகைக்கு முன்அனுமதி கேட்கலாம்.

‘பதிவு உள்ள பெரிய டிரஸ்ட் வாங்கி எங்களுக்குக் கொடுக்கட்டுமே’ என்ற யோசனை எல்லோருக்கும் வரும். 2020-லிருந்து அதுவும் கூடாது. பெற்ற அமைப்பு இன்னொன்றுக்கு மாற்றித் தர முடியாது.

செட்டிநாட்டுக்கே உரிய இன்னொரு கண்ணி: மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வரும் நன்கொடை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் அங்கிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்தவர், ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளியினர்) அட்டை வைத்திருந்தாலும், ஆண்டுதோறும் படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) ஊருக்கு வந்து போனாலும், சட்டத்துக்கு வெளிநாட்டு மூலம்தான். நன்கொடைப் படிவத்தில் குடியுரிமைக்கு ஒரு கட்டம் வையுங்கள். அந்த அண்ணனிடம் இதைக் கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும், கேட்டுத்தான் ஆக வேண்டும்.

பணம் சிக்கலென்றால், கேடயமும் அங்கீகாரமும் மட்டும் தரும் விருதுகள் இருக்கின்றன. பணத்துக்குப் பதில் பயிற்சியோ மென்பொருள் உரிமமோ தர முடியுமா என்று நடத்துபவரிடம் எழுதிக் கேட்கலாம். அதற்கும் ஆடிட்டரின் கருத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் செயலாளர் அரசுப் பள்ளி ஆசிரியர். வெளிநாட்டில் நடக்கும் விருது விழாவுக்கு விமான டிக்கெட்டை நடத்துபவர்களே தருகிறார்கள்.

அரசு ஊழியர் வெளிநாட்டு உபசரிப்பை ஏற்க அதே எஃப்சிஆர்ஏ சட்டப்படி உள்துறை அமைச்சகத்தின் முன்அனுமதி வேண்டும். துறை அனுமதி தனி. வேறு அறங்காவலரை அனுப்புவது எளிது.

பிள்ளைகளின் படத்தைப் போடலாமா?

2023-இல் வந்த தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைகள், பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய சம்மதம் வேண்டும். விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்து கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. பள்ளித் தலைமையாசிரியரின் கையெழுத்து பெற்றோர் கையெழுத்துக்கு ஈடாகாது. சம்மதத் தாளைத் தமிழில் கொடுங்கள். எந்தப் படம், எதற்கு, எவ்வளவு நாள், வேண்டாம் என்றால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று நான்கு வரி போதும். இதைவிட நல்ல வழி, கை, நோட்டு, திரை மட்டும் தெரியும்படி எடுப்பது. நடுவர்களுக்கும் முகத்தைவிடத் திரையில் என்ன இருக்கிறது என்பதுதான் வேண்டும்.

இரண்டு நிமிட வீடியோ கேட்கிறார்கள். எங்கே எடுப்பது?

பெரிய வீட்டு வளவு அழகுதான். ஆனால் ஆத்தங்குடிக் கல் தரை, முட்டைச் சுண்ணாம்புப் பூச்சு, உயரக் கூரை எல்லாம் சேர்ந்து குரலை எதிரொலித்துக் குழப்பிவிடும். வளவில் நடப்பதைக் காட்சியாக மட்டும் எடுங்கள். பேச்சை, சாமான் நிறைந்த ஒரு சிறு அறையில், தரையில் ஜமுக்காளம் விரித்து, ஃபேனை நிறுத்தி, பேசுபவரின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இன்னொரு செல்போனை வைத்துத் தனியாகப் பதிவு செய்யுங்கள். தொடங்கும்போது ஒரு கைதட்டு தட்டினால் இரண்டையும் பிறகு சேர்ப்பது சுலபம்.

ஆச்சிகளை ஆங்கிலத்தில் பேச வைக்க வேண்டாம். தமிழிலேயே பேசட்டும், கீழே ஆங்கில வரி போடுங்கள். மனப்பாடம் செய்த ஆங்கிலத்தில் அவர்கள் செய்யும் வேலையே மறைந்துபோகும்.

ஆங்கிலத்தில் எழுத யாரும் இல்லை.

முதலில் தமிழில் முழுதாக எழுதி முடியுங்கள். மொழிபெயர்ப்புக் கருவியில் போடும்போது ‘ஊருணி’, ‘கொட்டான்’, ‘வளவு’ போன்ற சொற்கள் கந்தரகோளம் ஆகும். அவற்றை ஒலிபெயர்த்துவிட்டு முதல் தடவை மட்டும் ஒரு வரி விளக்கம் கொடுங்கள். எண்களை ஒன்றுக்கு இரண்டு முறை சரிபாருங்கள், லட்சத்தை மில்லியனாக்கும்போது ஒரு சுழியம் காணாமல் போகும்.

கடைசி நாள் என்று போட்டிருப்பது எந்த ஊர் நேரம்?

ஜெனீவா நேரம் இரவு 11.59 என்றால் நமக்கு மறுநாள் விடிகாலை 3.29 அல்லது, அங்கே குளிர்காலமானால், 4.29. அமெரிக்க மேற்குக் கரை நேரமானால் மறுநாள் பகல் 12.29 அல்லது 1.29. நேரம் கூடுதலாகக் கிடைக்கிறதே என்று அதை நம்பி உட்காராதீர்கள், கடைசி மணிநேரத்தில் தளம் திணறும். அனுப்புவதற்கு முன் எல்லாச் சுட்டிகளையும் வேறொருவர் செல்போனில், உங்கள் கணக்கில் நுழையாமல் திறந்து பாருங்கள். ‘அனுமதி கேட்கவும்’ என்று கூகுள் டிரைவ் கேட்டால் நடுவர் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

அனுப்பியாயிற்று. பிறகு?

விண்ணப்பத்தில் கொடுத்த கைபேசி எண்ணை எடுக்கக்கூடியவரிடம் விண்ணப்பத்தின் ஒரு பிரதியைக் கொடுத்து வையுங்கள். தெரியாத எண்ணிலிருந்து ஆங்கிலத்தில் பேசினால் வங்கி மோசடி என்று நினைத்துத் துண்டித்துவிடும் வாய்ப்பு அதிகம். நடுவர் பெரும்பாலும் இரண்டே கேள்விதான் கேட்பார்: இந்த எண் எங்கிருந்து வந்தது, விருதுக்குப் பிறகு இதற்கு மாதாமாதம் யார் செலவு செய்வார்கள். முதல் கேள்விக்குப் பதிவேட்டின் பக்கம் தயாராக இருக்கட்டும். இரண்டாவதற்கு, டேட்டா ரீசார்ஜ், எஸ்எம்எஸ், வலைத்தளப் புதுப்பிப்பு, படிவம் நிரப்புபவருக்குப் பெட்ரோல் என்று மாதச் செலவை ரூபாயில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.